மிதந்து போனது எங்கே போயிருக்கும்?

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பலான பி.டபிள்யூ. மேப்பிள், இன்னொன்று எண்ணெய்க் கப்பலான டான் காஞ்சிபுரம். கனத்த கறுப்பு எண்ணெய் கடலில் கொட்டியது. அடுத்த நாட்களில் எர்ணாவூர் பாறைகளுக்கு நடுவே மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளி வாளியாக எண்ணெயை அள்ளிய படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வாளியைப் பற்றி அப்போதே நாடு முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகப் பட்டது. கொட்டியது எண்ணூரில். ஆனால் எண்ணெய் மெரினாவிலும் வந்தது, பெசன்ட் நகரிலும் வந்தது, இன்னும் தெற்கே கோவளம் பக்கமும் போனது. இன்று இங்கே மிதக்கும் எண்ணெய் நாளைக் காலை எந்தக் குப்பத்து வாசலில் வந்து நிற்கும் என்று முதல் நாளே சொல்ல முடிந்தால், வாளியோடு ஆட்களை அங்கே அனுப்பிவிடலாம் அல்லவா?

எண்ணெய்க்குப் பதில் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு கவிழ்ந்து, ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார். கேள்வி அதேதான். அவசரம்தான் வேறு.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட மனிதர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கடலைப் பார்ப்பது, அளப்பது. இன்னொன்று, கரையில் உட்கார்ந்து கணக்குப் போடுவது. இரண்டு கூட்டமும் இருநூறு வருடம் ஏறக்குறைய தனித்தனியாகவே வாழ்ந்தன. அவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. (பாடப் புத்தகத்தில் கடல் நீரோட்டம் என்றால் சிவப்பு அம்பும் நீல அம்பும் போட்டு ஒரு படம் இருக்குமே, அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அந்த அம்புகள் பல வருடச் சராசரி. இன்றைக்குக் கடலில் விழுந்தவனுக்குச் சராசரியால் பயன் இல்லை.)

முதலில் பார்த்தவர்கள். நீரோட்டத்தை முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள்தான். சென்னைக் கடற்கரைக் குப்பங்களில் நீரோட்டத்துக்கு 'வெள்ளம்' என்று பெயர். வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று திசைக்கு ஒரு பெயர் உண்டு. வலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதிலிருந்தே வெள்ளத்தைக் கண்டுகொள்வார்கள்.

படித்தவர்கள் மீனவர்களிடம் இதைக் கேட்டு எழுதிக்கொண்டதற்குப் புகழ்பெற்ற உதாரணம் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலில் பட்டம் விட்டவர் என்று நாம் படித்தோமே, அவரேதான். அமெரிக்கக் காலனிகளின் தபால் துறைக்குப் பொறுப்பாக இருந்தார். இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போகும் தபால் கப்பல்கள், சாதாரண வணிகக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்கின்றன என்று 1768 வாக்கில் புகார் வந்தது. பிராங்க்ளின் தன் உறவினரும் நான்டக்கெட் தீவின் கப்பல் தலைவருமான டிமோத்தி ஃபோல்ஜரிடம் கேட்டார். அவர் சிரித்திருக்க வேண்டும். திமிங்கில வேட்டைக்காரர்களுக்கு அது பழைய செய்தி. திமிங்கிலங்கள் வளைகுடா நீரோட்டத்தின் ஓரங்களில்தான் கிடைக்கும், அதனால் அது ஓடும் தடம் அவர்களுக்கு அத்துபடி. நடு நீரோட்டத்தில் எதிர்த்து முட்டிக்கொண்டிருக்கும் தபால் கப்பல்களைப் பார்த்து, விலகிப் போங்கள் என்று இவர்கள் சொல்லியும் இருக்கிறார்கள். மீன் பிடிப்பவன் பேச்சை ராஜாவின் தபால் கப்பல் தலைவன் கேட்பானா? கேட்கவில்லை. ஃபோல்ஜர் வரைந்து கொடுத்த நீரோட்டத்தைப் பிராங்க்ளின் வரைபடமாக அச்சிட்டார். அதையும் அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ மோரி. 1839-இல் ஒரு வண்டி விபத்தில் கால் முறிந்து, கப்பலேற முடியாமல் மேஜை வேலைக்கு வந்தவர். அவர் கையில் கிடைத்தது ஓர் அறை நிறையப் பழைய கப்பல் குறிப்பேடுகள். ஒரு கப்பல் தன் வேகத்தையும் திசையையும் வைத்து 'இந்நேரம் இங்கே இருப்போம்' என்று கணக்கிடும். நட்சத்திரம் பார்த்தால் வேறு இடத்தில் இருக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நீரோட்டம் தள்ளிய தூரம். ஆயிரக்கணக்கான குறிப்பேடுகளிலிருந்து இதைப் பொறுக்கி, 1847 முதல் காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிட்டார் மோரி. கணக்குப்படி இருக்க வேண்டிய இடம், உண்மையில் இருக்கும் இடம், இரண்டின் வித்தியாசம்: இந்த எண்ணத்தை மட்டும் மறக்காதீர்கள். கடைசியில் இதுவேதான் திரும்ப வரும்.

இனி கணக்கிட்டவர்கள்.

நார்வேயின் ஃபிரித்யோஃப் நான்சென் 1893-இல் தன் 'ஃப்ராம்' கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் உறைய விட்டு, பனி எங்கே இழுத்துப் போகிறதோ அங்கே மூன்று வருடம் அதைப் போக விட்டார். (என்ன மாதிரி ஆட்கள்!) பனி காற்றடிக்கும் திசையிலேயே போகவில்லை, எப்போதும் 20 முதல் 40 பாகை வலப்புறம் ஒதுங்கியே போனது என்று அங்கே கவனித்தார். ஏன் என்ற கேள்வி வாக்ன் எக்மான் என்ற ஆராய்ச்சி மாணவரிடம் வந்தது. பூமியின் சுழற்சிதான் காரணம் என்று சமன்பாட்டோடு காட்டினார். கீழே போகப் போக ஒவ்வோர் அடுக்கும் இன்னும் கொஞ்சம் திரும்பும் என்ற அவருடைய 1905-ஆம் வருடக் கட்டுரைதான் இன்றைய கணக்குகளுக்கெல்லாம் அடிப்படை.

எக்மானை எனக்குப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அவர் காகிதத்தோடு நிற்கவில்லை. நீரோட்டத்தை அளக்கும் ஒரு கருவியையும் செய்தார். தண்ணீர் தள்ளும்போது சுழலும் ஒரு விசிறி வேகத்தைச் சொல்லும். அது சுற்றச் சுற்றச் சின்ன உலோகக் குண்டுகள் ஒவ்வொன்றாகக் காந்த ஊசியின் வழியே உருண்டு, அறை அறையாகப் பிரித்த ஒரு பெட்டிக்குள் விழும். மேலே இழுத்து, எந்த அறையில் எத்தனை குண்டு என்று எண்ணினால் திசை தெரிந்துவிடும். மின்சாரமே இல்லாத கருவி. கணக்கும் அளவையும் ஒரே ஆளிடம் இருந்தது அவரோடு ஏறக்குறைய முடிந்துபோனது என்றே சொல்லலாம். பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள்.

கணக்குக் கூட்டம் எங்கே அடிபட்டது என்று தெரிய வேண்டுமானால் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனைப் பார்க்க வேண்டும். அவர் கணக்கிட்டது கடலை அல்ல, காற்றை. ஆனால் சமன்பாடுகள் ஒரே குடும்பம். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20 அன்றைய வானிலையைக் கையால் கணக்கிட்டார் அவர். ஆறு மணி நேர முன்னறிவிப்பு ஒன்றுக்குப் பல வாரக் கணக்கு. நடுவில் 1917-இல் கையெழுத்துப் பிரதி காணாமல் போய், சில மாதம் கழித்து ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. இவ்வளவு பாடுபட்டு வந்த விடை? காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் மாறும் என்றது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை. 1922-இல் புத்தகம் போட்டபோது தோல்வியை மறைக்காமல் அப்படியே அச்சிட்டார், அதற்காகவே அவருக்கு ஒரு வணக்கம்.

பிழை எங்கே? சமன்பாட்டில் இல்லை. கணக்கைத் தொடங்கிய எண்களில். இங்கொன்றும் அங்கொன்றுமாக அளந்த காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் முரண்டு பிடித்தன. பிற்காலத்தில் பீட்டர் லிஞ்ச் என்ற அயர்லாந்துக்காரர் அந்தத் தொடக்க எண்களை மட்டும் சமன்படுத்திவிட்டு அதே கணக்கைக் கணினியில் ஓட்டினார். நியாயமான விடை வந்தது. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது தெரியாவிட்டால் போச்சு.

கடலில் கணினி மாடல்கள் வந்ததற்கு ஒரு பெரிய சாவும் காரணம். 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி, நெதர்லாந்தில் மட்டும் 1,800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்கிலாந்தில் 307 பேர். ஜெர்மனியின் வால்ட்டர் ஹான்சென் 1956-இல் அந்த வெள்ளத்தையே சமன்பாடுகளால் மறுபடி கணக்கிட்டுக் காட்டினார். கடலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று நிமிடக் கணக்கில் நகர்த்திக்கொண்டே போகும் முறை. அறுபதுகளில் அமெரிக்காவில் கிர்க் பிரையனும் மைக்கேல் காக்ஸும் பெருங்கடல் முழுவதற்குமான மாடலைக் கட்டினார்கள். கரையோரத்துக்கென்று 1987-இல் பிளம்பெர்க்கும் மெல்லரும் வெளியிட்ட பிரின்ஸ்டன் மாடல் உலகம் முழுக்கப் பரவியது. தரை எப்படி ஏறி இறங்குகிறதோ அதற்கேற்ப அடுக்குகளும் வளைந்து கொடுக்கும் மாடல் அது. கரையோரத்தில் அது முக்கியம். பத்து மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சட்டென்று இறங்கும் இடம் அல்லவா.

ஆனால் ஹான்சென் காலத்திலிருந்தே ஒரு குறை ஒட்டிக்கொண்டு வந்தது. நேற்று நடந்ததைக் காட்டு என்றால் காட்டும். இப்போது, இந்த நிமிடம் கடல் எப்படி இருக்கிறது என்று மாடலுக்கு யார் சொல்வது? பத்து மைலுக்கு ஒரு கருவி நட்டால்கூடப் போதாது, நட்டதையும் இழுவலை வாரிக்கொண்டு போய்விடும். கடற்பரப்பு முழுவதையும் ஒரே பார்வையில் அளக்க வழி வேண்டும்.

அந்த வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நியூசிலாந்தின் டக்ளஸ் கிராம்பி ரேடியோ ஆராய்ச்சியாளர். ரேடார்காரர்களுக்குக் கடல் என்றாலே தொல்லை. கப்பலைத் தேடினால் அலைகளும் எதிரொலித்துக் குழப்பும். கிராம்பி அந்தத் தொல்லையையே உற்றுப் பார்த்தார். 13.56 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிய ரேடியோ அலை கடலில் பட்டுத் திரும்பியபோது, அதன் அதிர்வெண் ஏதோ ஒரு குறிப்பிட்ட அளவு மட்டும் மாறியிருந்தது. 1955-இல் 'நேச்சர்' இதழில் சின்னக் கட்டுரையாக விளக்கம் எழுதினார்.

விஷயம் இதுதான். அந்த ரேடியோ அலையின் நீளம் சுமார் 22 மீட்டர். அதில் சரிபாதி, அதாவது 11 மீட்டர் நீளமுள்ள கடலலைகள் மட்டும் எதிரொலியை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து பலமாகத் திருப்பி அனுப்பும். மற்ற அலைகளின் எதிரொலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடும். 11 மீட்டர் அலை ஆழமான நீரில் எவ்வளவு வேகத்தில் போகும் என்பது இயற்பியலில் தெரிந்த கணக்கு, நொடிக்கு ஏறக்குறைய 4.15 மீட்டர். இப்போது ரேடார் 4.35 என்று காட்டினால்? மிச்சமுள்ள 0.20 அலையுடையது அல்ல, அலையைச் சுமந்து போகும் தண்ணீருடையது. ஓடும் ரயிலுக்குள் ஒருவர் நடக்கிறார். அவருடைய நடை வேகம் நமக்குத் தெரியும். வெளியே நின்று மொத்த வேகத்தை அளந்து நடையைக் கழித்தால் ரயிலின் வேகம் கிடைத்துவிடும். இத்தனைக்கும் கடலில் ஒரு கருவிகூட நனையவில்லை!

தண்ணீர் ரேடாரை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பது மட்டும்தான் ஒரு ரேடாருக்குத் தெரியும். அதனால் கரையில் இரண்டு நிலையம் வேண்டும். 1977-இல் டொனால்ட் பேரிக்கும் அவருடைய அமெரிக்கக் கூட்டாளிகளும் இப்படிக் கடற்பரப்பின் நீரோட்ட வரைபடத்தையே எடுத்துக் காட்டினார்கள். இன்று இத்தகைய ரேடார்கள், அதிர்வெண்ணைப் பொறுத்து, சில பத்துக் கிலோமீட்டரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் வரை மணிக்கு ஒருமுறை படம் தருகின்றன. பார்க்கும் கூட்டத்துக்குக் கடைசியில் ஒரு நல்ல கண் கிடைத்தது. ஆனால் அது தோலை மட்டும் பார்க்கும் கண். மேலே ஒரு மீட்டர் சொச்சம் அவ்வளவுதான். கீழே என்ன நடக்கிறது, நாளை என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியாது.

கொஞ்சம் இளைப்பாற ஒரு செருப்புக் கதை. 1990 மே 27 அன்று வட பசிபிக்கில் புயலில் சிக்கிய ஹன்சா கேரியர் என்ற கப்பலிலிருந்து கண்டெய்னர்கள் கடலில் விழுந்து, சுமார் 61,000 நைக்கி ஷூக்கள் மிதந்து போயின. மாதங்கள் கழித்து வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அவை ஒதுங்க ஆரம்பித்தன. ஜோடியாகக் கட்டாததால் இடது ஒரு ஊரில், வலது ஒரு ஊரில். கரையோர மக்கள் கூடி, சைஸ் பார்த்து ஜோடி சேர்த்து மாற்றிக்கொண்டார்கள்! சியாட்டிலில் இருந்த கர்ட்டிஸ் எபெஸ்மையர் என்ற கடலியலாளர் இந்தச் செய்தியைக் கேட்டுத் துள்ளினார். நீரோட்டத்தை அறிய ஆராய்ச்சியாளர்கள் போடும் மிதவைப் புட்டிகள் ஒரு தடவைக்கு ஐநூறு, ஆயிரம் இருக்கும். இங்கே 61,000, அதுவும் இலவசமாக, வரிசை எண்ணோடு. அதே ஊரில் ஜிம் இங்கிரஹாம் என்பவர் மீன் ஆராய்ச்சிக்காக 'ஆஸ்கர்ஸ்' என்ற கணினி மாடல் வைத்திருந்தார். காற்றழுத்தப் பதிவுகளிலிருந்து மேல்மட்ட நீரோட்டத்தைக் கணக்கிடுவது அது. எங்கே விழுந்தது என்பதை மாடலில் போட்டார்கள். எங்கே ஒதுங்கியது என்பதோடு ஒப்பிட்டார்கள்.

1992 ஜனவரி 10 அன்று இன்னொரு கப்பலிலிருந்து 28,800 பிளாஸ்டிக் குளியல் பொம்மைகள் விழுந்தன. மஞ்சள் வாத்து, நீல ஆமை, சிவப்பு பீவர், பச்சைத் தவளை. பத்து மாதம் கழித்து அலாஸ்காவின் சிட்கா கரையில் முதல் பொம்மைகள். வாத்து தண்ணீருக்கு மேலே உட்கார்ந்து மிதக்கும், அதனால் காற்று அதை அதிகமாகத் தள்ளும். ஷூ முக்கால்வாசி முழுகியே போகும். ஒரே நீரோட்டத்தில் விழுந்த இரண்டு பொருள் ஒரே இடத்துக்குப் போகாது என்பதை மாடலுக்குள் எண்ணாக எழுத இந்தப் பொம்மைகள் உதவின. விளையாட்டுப் போல இருக்கும் இந்த வேலையின் தீவிரமான வடிவம் அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்காக 1999-இல் ஆலனும் ப்ளூர்டும் தொகுத்த அறிக்கை. உயிர்காப்புச் சட்டையோடு மிதக்கும் ஆள், சட்டை இல்லாத ஆள், கவிழ்ந்த படகு, கவிழாத படகு என்று 63 வகைக்கும் காற்று எவ்வளவு தள்ளும் என்று தனித்தனி எண். படிக்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

இனி இரண்டையும் கலக்கும் இடம்.

இரவு பஸ்ஸில் சென்னையிலிருந்து நாகர்கோவில் போகிறீர்கள். விளக்கு அணைத்தாயிற்று. மணி இரண்டு, வேகம் இவ்வளவு, ஆகவே திருச்சி தாண்டியிருக்கும் என்று மனதில் ஒரு கணக்கு. இது மாடல். திடீரென்று ஜன்னலில் ஒரு கடையின் பெயர்ப்பலகை ஓடுகிறது. ஊர்ப் பெயர் அரைகுறையாகத் தெரிகிறது, விராலிமலை போல. இது அளவை. முழுதும் நம்ப முடியாது, தூக்கக் கலக்கம். ஒதுக்கவும் முடியாது. உங்கள் கணக்கின் மேல் எவ்வளவு நம்பிக்கை, கண்ணின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பார்த்து இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் உங்களை வைத்துக்கொள்கிறீர்கள். அங்கிருந்து மறுபடி கணக்கு ஓடுகிறது, அடுத்த பலகை வரும் வரை. இதைச் சமன்பாடாக ருடால்ஃப் கால்மன் 1960-இல் எழுதினார். அப்போலோ விண்கலங்கள் நிலவுக்கு வழி கண்டதும் அதே முறையில்தான். மோரியின் குறிப்பேட்டில் இருந்த அதே வித்தியாசம்தான் இதுவும். மோரி அந்த வித்தியாசத்தை எழுதி வைத்தார், கால்மன் அதை உடனுக்குடன் கணக்குக்குள் திருப்பி ஊட்டினார்.

கடலில் சிக்கல் என்னவென்றால், பஸ் ஒன்று, கடலின் சதுரங்கள் லட்சக்கணக்கில். ஒரு சதுரத்தில் ரேடார் சொன்னதை வைத்துத் திருத்தினால், பக்கத்துச் சதுரத்தையும் கீழே இருக்கும் அடுக்குகளையும் எவ்வளவு திருத்துவது? சும்மா மேலே மட்டும் மாற்றினால், ரிச்சர்ட்சனுக்கு நடந்ததுபோல் மாடல் முரண்டு பிடித்து அதிரும். 1990-களின் கடைசியில்தான் கணினிகளின் வேகம் இதற்குப் போதுமானதாக வந்தது. நார்வேயின் மேற்குக் கரையில் ஃபெட்யே தீவை ஒட்டி எண்ணெய்க் கப்பல்கள் நுழையும் குறுகிய வழியில், 2000-ஆம் ஆண்டு ரேடார் அளவுகளை மணிக்கு ஒருமுறை மாடலுக்குள் கலந்து ஆறு மணி நேர முன்னறிவிப்பு தந்து பார்த்தார்கள். ஆறு மணி நேரம் என்பது சிரிப்பாக இருக்கலாம். ஒரு எண்ணெய்க் கப்பலைப் பாறைகளுக்கு நடுவே உள்ளே கொண்டுவர அது போதும்.

தேடுதலுக்கு இதனால் என்ன லாபம் என்பதை 2009-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நடந்த சோதனை காட்டியது. மிதவைகளைக் கடலில் விட்டுவிட்டு, அவை எங்கே இருக்கும் என்று நான்கு நாள் கழித்துக் கணக்கிட்டார்கள். பெருங்கடல் மாடலை மட்டும் நம்பினால் தேட வேண்டிய பரப்பு 36,000 சதுர கிலோமீட்டர். ரேடார் அளவுகளைச் சேர்த்தால் 12,000. ஹெலிகாப்டருக்கும் எரிபொருள் அளவுதான், தண்ணீரில் கிடப்பவனுக்கும் நேரம் அளவுதான். மூன்றில் ஒரு பங்கு என்றால் சின்ன விஷயம் இல்லை.

அளவை கலக்காத மாடல் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் உடனே வந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்தது. எண்ணெய் 87 நாள் கொட்டியது. ஜூன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி மையம் கணினிப் படம் ஒன்று வெளியிட்டது. எண்ணெய் புளோரிடாவைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக் கரையெல்லாம் பரவுவது போன்ற படம். இது முன்னறிவிப்பு அல்ல, இப்படி நடக்கக்கூடும் என்ற கணக்கு மட்டுமே என்று அவர்களும் சொன்னார்கள். தொலைக்காட்சிக்கு அந்த வாக்கியம் எதற்கு? படம்தான் ஓடியது. அதே நேரத்தில் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வைஸ்பெர்க் குழு வேறு விதமாக வேலை செய்தது. செயற்கைக்கோள் படத்தில் இன்று எண்ணெய் எங்கே தெரிகிறதோ, அங்கிருந்து ஒவ்வொரு நாளும் கணக்கைப் புதிதாகத் தொடங்கி, மூன்று நாள் சொச்சத்துக்கு மட்டும் முன்னால் பார்ப்பது. ஒன்றல்ல, பல மாடல்கள் பக்கத்தில் பக்கத்தில்.

நடந்தது என்ன? எண்ணெயைத் தெற்கே இழுத்திருக்க வேண்டிய நீரோட்டத்திலிருந்து ஒரு பெரிய சுழல் பிய்ந்துகொண்டது. தெற்கே போகும் வழி அறுந்தது. எண்ணெயின் பெரும்பகுதி வளைகுடாவின் வடக்கிலேயே தங்கிவிட்டது. அந்தச் சுழலுக்கு வைத்திருந்த பெயர் பிராங்க்ளின்!

இந்தியாவுக்கு வருவோம். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் எனப்படும் கடல் தகவல் சேவை மையம் 1999-இல் தொடங்கியது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்தே கடலில் மிதவைகளை நட்டு வருகிறது. 2008-க்குப் பிறகு அவர்கள் கரையோர ரேடார்களையும் ஜோடி ஜோடியாக நிறுத்தினார்கள். நம் பக்கத்து ஜோடி கல்பாக்கமும் கடலூரும். எண்ணூர் விபத்தின்போது இன்காய்ஸ் நீரோட்ட மாடலை ஒட்டி எண்ணெயின் பாதையைக் கணக்கிட்டது. பிறகு அதைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அதற்குப் பின் வந்த வருடங்களில் மிதவைகள் தரும் வெப்பம், உப்பு அளவுகளையும் செயற்கைக்கோள் தரும் கடல்மேல் வெப்பத்தையும் மாடலுக்குள் கலக்கும் 'ரெயின்' என்ற ஏற்பாடும் வந்தது.

மிதவைகளுக்கு இங்கே ஒரு தனிச் சோகம் உண்டு. நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் படகு கூடும். மிதவையில் படகைக் கட்டுகிறார்கள், கருவி உடைகிறது, சில சமயம் காணாமலே போகிறது. அதிகாரிகள் மீனவர்களைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் தோன்றுகிறது. அந்த மஞ்சள் டப்பா தன் மகனைத் தேட உதவும் என்று யாராவது குப்பத்துக்கு வந்து உட்கார்ந்து சொல்லியிருந்தால் அதில் கயிறு கட்டியிருப்பார்களா?

தேட உதவும் என்று சொன்னது வெறும் பேச்சு இல்லை. 2016-இல் இன்காய்ஸ் 'சாரத்' என்ற தேடுதல் கருவியை வெளியிட்டது. தொலைந்தது ஆளா, படகா, என்ன வகை என்று கொடுத்தால், எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று வரைபடமாகத் தரும். தமிழ் உள்ளிட்ட கடலோர மொழிகளிலும் விவரம் தரும் வசதி உண்டு. அது கேட்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எந்த இடத்தில், எத்தனை மணிக்கு?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவெடுத்தபோது, எச்சரிக்கை வருவதற்குள் குமரி மாவட்டத்தின் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் எப்போதோ கிளம்பிப் போயிருந்தன. கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள் அவர்கள். படகில் இருந்த வி.எச்.எஃப். ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. ரேடார் இருந்தது, செயற்கைக்கோள் இருந்தது, மாடல் இருந்தது, 63 வகை எண்ணும் இருந்தது. கடைசியாக எந்த இடம் என்ற கேள்விக்குத்தான் பல படகுகளுக்குப் பதில் இல்லை. ரிச்சர்ட்சனின் பழைய சிக்கல், ஆனால் இந்த முறை நூற்றுக்கணக்கான ஆட்கள். ஊர் ஊராகத் தேவாலயங்களில் காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். அரசின் எண்ணிக்கையும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை.

2019-இல் கரையிலிருந்து படகுக்குச் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் 'ஜெமினி' கருவி வந்தது. அது ஒருவழிதான், படகிலிருந்து திரும்பிப் பேசாது. ஆபத்துச் செய்தி அனுப்பினால் கரையிலிருந்து பதிலும் கிடைக்கும் இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறைக் கருவி 2024-இல் வந்தது.

ஒக்கி நாட்களில் மீனவர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் படகுகளிலேயே தேடக் கிளம்பினார்கள். நம் ஆட்கள் எந்தப் பக்கம் தொழில் செய்வார்கள், இந்தக் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் படகு எங்கே போயிருக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும் என்றார்கள். சில நாள் கழித்து அவர்களில் சிலரைத் தேடுதல் கப்பல்களிலும் ஏற்றிக்கொண்டார்கள், வழி காட்டுவதற்கு.